சாவி கைக்கு வரும் முன் வாடகை வீட்டைக் காலி செய்யலாமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மூட்டை துவரம்பருப்பு எடுத்தால், அதன் விலையை மட்டும் பார்த்து நாம் கணக்கை முடிப்பதில்லை. சாக்கு எடையைக் கழிக்கிறோம். ஏற்று கூலி, வண்டி வாடகை, இறக்கு கூலி எல்லாவற்றையும் சேர்க்கிறோம். மஞ்சவாடி கணவாயைக் கடந்து பாப்பிரெட்டிப்பட்டிக் கடைக்குள் மூட்டை இறங்கும்போது கிலோவுக்கு என்ன அடக்கம் என்று பார்த்த பிறகுதான் விற்பனை விலை போடுகிறோம். ஆனால் வாழ்நாளில் ஒரு முறை வாங்குகிற வீட்டுக்கு மட்டும் இந்த அடக்கக் கணக்கைப் போட மறந்துவிடுகிறோம்.

வீட்டின் விலையைப் பேசுகிறோம். பத்திரச் செலவைக் கேட்டுக்கொள்கிறோம். வங்கித் தவணையையும் விசாரிக்கிறோம். இருக்கிற வாடகை வீட்டை எந்தத் தேதியில் விடுவது, புது வீட்டில் எந்தத் தேதியில் ஏறுவது, இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை மட்டும் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். நம்மில் பலருக்குக் கடைக்குப் பின்னாலேயோ மாடியிலேயோ குடியிருப்பு. ஆகவே வீடு மாறுவதில் ஏற்படும் குளறுபடி கடையையும் தொடுகிறது. அது பற்றி இங்கே விளக்கமாகப் பார்ப்போம்.

ஒன்றல்ல, நான்கு தேதிகள்

வீடு வாங்குவது என்றால் ஒரே நாள் காரியம் போலத் தோன்றுகிறது. உண்மையில் அதில் நான்கு தேதிகள் உள்ளன. முதலாவது கிரயப் பத்திரம் பதிவாகும் தேதி. இரண்டாவது வீடு காலியாகி, சாவி நம் கைக்கு வரும் தேதி. மூன்றாவது பால் காய்ச்சும் தேதி. நான்காவது வாடகை வீட்டைக் காலி செய்யும் தேதி.

இந்த நான்கும் ஒரே வாரத்தில் கூடிவரும் என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். பத்திரத் தேதி தள்ளிப்போவதற்குக் காரணங்கள் பல. விற்பவர் அந்த வீட்டின் மேல் வாங்கிய பழைய கடனைத் தீர்த்து, வங்கியிடம் ரசீது ஆவணம் பெற நாளாகும். வில்லங்கச் சான்றில் பழைய பதிவு ஒன்று தெரியவரும். வாரிசுகளில் ஒருவர் வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கும். வங்கியின் வழக்கறிஞர் மூலப் பத்திரம் ஒன்றைக் கேட்பார். இவற்றில் எதுவும் யாருடைய துரோகமும் அல்ல; வழக்கமாக நடப்பவைதான்.

சாவித் தேதியும் நம் கையில் இல்லை. விற்பவரும் ஒரு வீட்டுக்குக் குடிபோக வேண்டியவர். அவர் கட்டுகிற வீட்டில் தரை போட்டு முடியவில்லை என்றால், "இன்னும் பத்து நாள் பொறுங்கள் அண்ணே" என்பார். அவர் பொறுக்கச் சொல்லும் பத்து நாளும் நமக்கு வாடகை நாட்களே.

நான்கில் நம் கையில் முழுவதுமாக இருப்பது ஒரே தேதிதான். அது வாடகை வீட்டைக் காலி செய்யும் தேதி. ஆகவே அதைக் கடைசியாக முடிவு செய்ய வேண்டும். இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்ததும் இதுவே. ஆனால் பலரும் செய்வது இதற்கு நேர்மாறு. முன்பணம் கொடுத்த மகிழ்ச்சியில் அன்று மாலையே வீட்டுக்காரரிடம், "அடுத்த மாதம் காலி செய்கிறோம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அவரும் வேறு ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறார். பிறகு நமக்குப் பத்திரம் தள்ளிப்போனால், இரண்டு பக்கமும் இடிபடுவது நாம்தான்.

அறிவிப்பு எத்தனை நாள்?

வாடகை ஒப்பந்தத்தில் காலி செய்வதற்கு ஒரு மாதம் அல்லது இரண்டு மாத அறிவிப்பு என்று எழுதியிருந்தால் அதுவே பொருந்தும். அப்படி எதுவும் எழுதவில்லை என்றால், 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆவது பிரிவுப்படி மாத வாடகைக்கு 15 நாள் அறிவிப்பு போதும். பதினொரு மாத ஒப்பந்தம் போட்டுப் பெட்டியில் வைத்தவர்கள் அதை ஒரு முறை எடுத்துப் படித்துப் பார்ப்பது நல்லது. ஒப்பந்தக் காலம் முடிந்தும் புதுப்பிக்காமல் தொடர்ந்து குடியிருப்பவர்களும் நம்மிடையே நிறையப் பேர். அவர்கள் வீட்டுக்காரருடன் பேசி, அறிவிப்பு எத்தனை நாள் என்பதை இப்போதே தெளிவு செய்துகொள்ளலாம்.

முதல் நாளிலேயே ஒன்றும் சொல்லாமல் மறைக்க வேண்டும் என்பதில்லை. "வீடு பார்த்திருக்கிறோம். பத்திரம் முடிந்ததும் தேதி சொல்கிறோம்" என்று சொல்வது மரியாதை. தேதியைச் சொல்வது வேறு, செய்தியைச் சொல்வது வேறு. காலி செய்யும் மாதத்தில் பாதி மாதம் மட்டும் இருக்க நேர்ந்தால் அரை மாத வாடகை வாங்கிக்கொள்வாரா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். நல்ல முறையில் இருந்த குடித்தனக்காரருக்கு அநேகமாக யாரும் மறுப்பதில்லை.

அட்வான்ஸ் நம் பணம்தான், ஆனால் கையில் இல்லை

பத்திரச் செலவுக்கு வாடகை வீட்டு அட்வான்ஸை நம்பியிருப்பது இரண்டாவது தவறு. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும், ஆக 9 சதவீதம் ஆகிறது. ரூ.25 லட்சம் மதிப்பு என்றால் ரூ.2,25,000. இந்தப் பணம் பதிவு நாளன்று தயாராக இருக்க வேண்டும். அட்வான்ஸோ வீட்டைக் காலி செய்த பிறகு வருவது. பதிவு முன்னால், காலி செய்வது பின்னால் என்னும்போது அந்தப் பணம் இந்தச் செலவுக்கு எப்படி உதவும்?

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதபோது அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டமே ஒரு மாதம் இடம் கொடுக்கிறது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். நடைமுறையில் அடுத்த குடித்தனக்காரர் வந்து பணம் கொடுத்த பிறகே நமக்குத் தருகிறவர்கள் பலர்.

போக்கியத்துக்கு இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருப்பதில் மாதச் செலவு மிச்சம்தான். ஆனால் வீட்டுக்காரர் அந்தப் பணத்தை மகள் கல்யாணத்துக்கோ வேறு கடனுக்கோ செலவு செய்திருப்பார். அடுத்த போக்கியக்காரர் கிடைக்கும் வரை அவரால் புரட்ட முடியாது. பணம் வரும் வரை வீட்டை விடவும் முடியாது. மேலும் ரூ.100-க்கு மேற்பட்ட தொகைக்கு எழுதும் போக்கியப் பத்திரம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டவர்கள், வீடு பார்க்கத் தொடங்கும்போதே வீட்டுக்காரரிடம் பணத்துக்குத் தவணை கேட்டு, தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளட்டும். போக்கியப் பணம் கைக்கு வராமல் அதை நம்பிக் கிரயத்துக்குத் தேதி குறிக்க வேண்டாம்.

அட்வான்ஸும் போக்கியமும் வராதபோது நம் கை தானாகக் கடை முதலின் பக்கம் போகிறது. சரக்கு எடுக்க வைத்திருந்த பணம் பத்திரத்துக்குப் போகிறது. மொத்த வியாபாரிக்குத் தவணை தவறுகிறது. அடுத்த முறை சரக்குக் கேட்டால் ரொக்கம் கேட்கிறார். வீட்டின் அடக்கத்தில் இந்த நஷ்டமும் சேரும்.

இரட்டை வாடகை: ஒரு கணக்கு

ஒரு மளிகைக் கடைக்காரரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வாடகை ரூ.6,000, நாளொன்றுக்கு ரூ.200. வங்கிக் கடன் ரூ.15 லட்சம், வட்டி 9 சதவீதம், 15 வருடம். தவணை மாதம் சுமார் ரூ.15,200. தொடக்கத்தில் நாள் வட்டி சுமார் ரூ.370.

இவர் கார்த்திகை முடிவதற்குள் பத்திரம் முடிக்க வேண்டும் என்று டிசம்பர் 10-ஆம் தேதி பதிவு செய்கிறார். மார்கழியில் குடிபோகக் கூடாது என்கிறார்கள் வீட்டில். தை பிறந்து ஜனவரி 25-இல் குடிபோகிறார். இடையில் 46 நாட்கள். வாடகை ரூ.9,200. வட்டி ரூ.17,020. ஆக ரூ.26,220. வீடோ பூட்டிக் கிடந்தது.

இவரே அதே டிசம்பரில் கிரய ஒப்பந்தத்தை மட்டும் எழுதி, ஜனவரி 20-இல் பத்திரம் முடித்திருந்தால் இடைப்பட்டவை 5 நாட்கள். வாடகை ரூ.1,000. வட்டி ரூ.1,850. குடிபோன பிறகும் ஒரு பத்து நாள் பழைய வீட்டை வைத்திருந்தால் இன்னும் ரூ.2,000. மொத்தம் ரூ.4,850-இல் காரியம் முடிந்திருக்கும்.

காத்திருந்தால் விற்பவர் மனம் மாறிவிடுவாரோ என்ற பயம் நியாயமானதே. அதற்குத்தான் கிரய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் தெரியும். வேறு ஆள் அறியாமல் வாங்கிவிட முடியாது. வாய்ச்சொல்லையும் வெறும் முத்திரைத்தாளையும் நம்பி அவசரப்படுவதைவிட இது பாதுகாப்பானது.

வங்கி வட்டி பற்றி இன்னொன்று. கடன் அனுமதித்த தேதியிலிருந்தோ, காசோலை எழுதிய தேதியிலிருந்தோ அல்லாமல், பணம் உண்மையில் கொடுக்கப்பட்ட தேதியிலிருந்தே வட்டி கணக்கிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 29-ஆம் தேதி சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஆகவே பதிவு நாள் உறுதியான பிறகே பணத்தை விடுவிக்கச் சொல்லுங்கள். முதல் மாத வட்டிக் கணக்கைச் சரிபாருங்கள்.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். ஒரு நாள் வாடகைகூட வீணாகக் கூடாது என்று 31-ஆம் தேதி காலி, 31-ஆம் தேதி குடிபோவது என்று இறுக்கிப் பிடித்தவர் கதை என்ன? சாவி பத்து நாள் தாமதமானால் சாமான்கள் உறவினர் வீட்டுத் திண்ணையில் கிடக்கும். வண்டி வாடகையும் ஏற்று இறக்கு கூலியும் இரண்டு முறை. கடையை மூன்று நாள் அடைக்க நேரும். நாள் விற்பனை ரூ.12,000, மிச்சம் நூற்றுக்கு 8 என்றால் மூன்று நாளில் ரூ.2,880 போயிற்று. பூட்டிய கடையைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போன வாடிக்கையாளர் திரும்பி வருவாரா என்பது வேறு. பத்து நாள் வாடகை ரூ.2,000 இதைவிடக் குறைவுதானே? சாவி கைக்கு வந்த நாளிலிருந்து பத்து முதல் பதினைந்து நாள் வரை பழைய வீட்டையும் வைத்திருப்பது வீண் செலவல்ல. வெள்ளையடிக்க, மின் வேலை பார்க்க, தண்ணீர்த் தொட்டி கழுவ அந்த நாட்கள் வேண்டும்.

எல்லோருக்கும் அதே முகூர்த்தம்

ஊரே ஒரே நாளில் வீடு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகில் உதாரணங்கள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் நியூயார்க் நகரில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மே 1-ஆம் தேதி ஒன்றாக முடிந்தன. அன்று தெருவெல்லாம் வண்டியும் சாமானுமாக இருக்கும். வண்டிக்காரர் கேட்டதே கூலி. கனடாவின் கியூபெக் மாநிலத்திலும் அந்த வழக்கம் இருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் படிப்பு நடுவில் கெடுகிறது என்று 1970-களில் தேதியை ஜூலை 1-க்கு மாற்றினார்கள். இன்றும் அங்கே அந்த ஒரே நாளில் பல்லாயிரம் குடும்பங்கள் வீடு மாறுகின்றன.

நமக்குச் சட்டம் அப்படி ஒரு நாளை வைக்கவில்லை; பஞ்சாங்கம் வைத்திருக்கிறது. ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் குடிபோவதைத் தவிர்க்கிறோம். ஆனி, பங்குனியையும் ஒதுக்குபவர்கள் உண்டு. மிஞ்சிய மாதங்களின் சில முகூர்த்த நாட்களில் எல்லோரும் குவிகிறோம். முகூர்த்த நாட்களில் கூட்டம் தாங்காமல், ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்தில் வழக்கமான 100 டோக்கனுக்குப் பதில் 150 டோக்கன் தர அண்மை ஆண்டுகளில் பதிவுத்துறை ஏற்பாடு செய்து வருகிறது. அன்று வண்டியும் ஆளும் கிடைப்பதும் அரிது.

இதற்குப் பெரியவர்கள் காட்டிய வழி ஒன்று உண்டு. நல்ல நாளில் விளக்கு, மஞ்சள், உப்பு, அரிசி, பருப்புடன் போய்ப் பால் காய்ச்சிவிட்டு வரலாம். சாமான்களை வசதியான வேறொரு நாளில் ஏற்றலாம். வீட்டுப் பெரியவர்கள் சம்மதித்தால் கார்த்திகைக் கடைசியில் பால் காய்ச்சி, மார்கழியில் சிறுகச் சிறுகச் சாமான் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். பால் காய்ச்சும் தேதியையும் சாமான் ஏற்றும் தேதியையும் பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

பொங்கல் வாரத்திலும் தீபாவளிக்கு முந்தைய பத்து நாட்களிலும் மளிகைக் கடைக்காரர் வீடு மாறுவதை எந்த முகூர்த்தத்துக்காகவும் வைத்துக்கொள்ள வேண்டாம். வெல்லமும் பச்சரிசியும் விற்கிற நேரத்தில் முதலாளி பீரோ தூக்கிக்கொண்டிருக்கக் கூடாது.

வீட்டை விடப்போய்க் கடையை விடக் கூடாது

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு என்று ஒரே கட்டடத்தில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஒப்பந்தம் என்றால், காலி செய்கிறோம் என்று நாம் கொடுக்கும் அறிவிப்பு முழுக் கட்டடத்துக்கும் கொடுத்ததாகிவிடக் கூடும். வீட்டுக்காரர் அதையே பிடித்துக்கொண்டு கடை வாடகையை உயர்த்தவோ, கடையை வேறு ஆளுக்கு விடவோ முற்படலாம். ஆகவே முதலில் கடைக்கு மட்டும் தனி ஒப்பந்தம் போட வேண்டும். வாடகை எவ்வளவு, அட்வான்ஸில் எவ்வளவு கடைக்கு நிற்கிறது, எத்தனை மாதம் என்பதெல்லாம் எழுத்தில் வந்த பிறகே வீட்டுப் பகுதியை விடுவதாகச் சொல்ல வேண்டும்.

பின்கட்டு அறையில்தான் எண்ணெய் டின்னும் அரிசி மூட்டையும் அடுக்கியிருப்போம். வீட்டை விட்டால் அந்த இடமும் போகிறது. சரக்கு வைக்க மாற்று இடம் பார்க்காமல் வீட்டைக் காலி செய்தால், அடுத்த லோடு வந்து இறங்கும்போது மூட்டை தெருவில் நிற்கும்.

ஜி.எஸ்.டி. பதிவில் வியாபார இடமோ கிடங்கோ மாறினால், மாறிய 15 நாட்களுக்குள் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய வீட்டின் முகவரியைக் கிடங்காகக் காட்டியிருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. உணவுப் பாதுகாப்பு உரிமமும் பேரூராட்சியின் வணிக உரிமமும் இடத்தைப் பொறுத்தவை. வியாபார இடம் மாறினால் அவற்றிலும் மாற்றம் வேண்டும்.

வாங்கும் வீட்டில் குடித்தனம் இருந்தால்

நாம் வாங்கும் வீட்டில் ஏற்கெனவே வாடகைக்கு ஒருவர் இருந்தால், பத்திரம் முடிந்த உடனே அவர் எழுந்து போக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பழைய உரிமையாளரின் இடத்தில் நாம் வருகிறோம், அவ்வளவுதான். வாடகை நமக்கு வரும், வீடு வராது. நாமும் ஒரு வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் என்பதால் அவருடைய சங்கடம் நமக்குப் புரியாததல்ல. அவர் காலி செய்த பிறகே பத்திரம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதே இரு தரப்புக்கும் நல்லது. பதிவு நாளன்று காலையில் ஒரு முறை போய், வீடு காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு சார்பதிவாளர் அலுவலகம் செல்வது நல்ல பழக்கம்.

விற்பவரே சில நாள் தங்க வேண்டுமென்றால், எந்தத் தேதி வரை, தாமதமானால் நாளொன்றுக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நமது உதாரணத்தில் நாள் வாடகை ரூ.200, நாள் வட்டி ரூ.370. எனவே நாளுக்கு ரூ.570 கேட்பது நியாயமான தொகை. பத்திரத் தேதி வரையிலான வீட்டு வரி முதலிய பாக்கிகள் விற்பவரைச் சேர்ந்தவை. மின் அளவு மாதக் கணக்கில் எடுக்கப்படாமல் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுவதால், சாவி வாங்கும் நாளிலும் பழைய வீட்டைக் கொடுக்கும் நாளிலும் மீட்டர் எண்ணைக் குறித்து இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளலாம்.

வரிசை முறை

இதுவரை சொன்னதைச் சுருக்கித் தருகிறோம்.

1. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, அதில் சாவித் தேதியை எழுதுக.
2. கடையும் வீடும் ஒரே இடம் என்றால், கடைக்குத் தனி ஒப்பந்தம் போடுக. சரக்குக்கு இடம் பார்க்க.
3. பத்திரச் செலவை அட்வான்ஸையும் கடை முதலையும் நம்பாமல் தனியாகச் சேர்த்து வைக்க.
4. பால் காய்ச்சும் நாளைப் பார்த்து, அதற்குச் சில நாள் முன்பாகப் பத்திர நாளைக் குறிக்க.
5. பத்திரம் முடிந்து சாவி கைக்கு வந்த பிறகே, பழைய வீட்டுக்குக் காலி செய்யும் தேதியை எழுதிக் கொடுக்க.
6. பதினைந்து நாள் வாடகையை வீட்டின் அடக்கத்தில் முதலிலேயே சேர்த்துவிடுக.
7. மீட்டர் எண், சாவி, அட்வான்ஸ் பாக்கி மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குக.

வாடகை வீட்டுக்காரரைப் பகைத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊரில் அவரும் நாளை நம் கடைக்கு வருகிறவர்தான். கடைசி மாத வாடகையைத் தேதி தவறாமல் கொடுத்து, அறையைக் கூட்டிச் சுத்தம் செய்து, சாவியைக் கையில் கொடுத்து வந்தால் அட்வான்ஸும் பெரும்பாலும் தடையின்றி வந்துவிடும். உறுப்பினர்கள் வீடு வாங்கும் நேரத்தில் இந்த வரிசையை மனத்தில் வைத்துச் செயல்படும்படி கேட்டுக்கொள்கிறோம்.